அடுத்தவர் முகத்தை விற்பதற்கு முன்

எமது ஊர்களில் கமெராவும் கையுமாகத் திரியும் இளைஞர்களின் தொகை கூடியிருக்கிறது. திருமண வீடியோ எடுப்பவர்கள், ட்ரோன் பறக்கவிடுபவர்கள், யூடியூப்பில் சமையல் காட்டுபவர்கள் என ஊருக்கு நாலைந்து பேராவது இருக்கிறார்கள். இவர்களில் சிலர் தாம் எடுக்கும் வீடியோத் துண்டுகளை வெளிநாட்டு ஏஜென்சிகள் ஊடாக விற்று டொலரில் வருமானம் பெறுகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், வீட்டிலிருந்தே செய்யக்கூடிய நல்லதொரு தொழில். ஆனால் இத்துறையில் கால் வைக்கும் அனைவரும் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "வீடியோவில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் 'ரிலீஸ்' இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது என்ன ரிலீஸ்?"

நானும் அந்தக் கேள்வியைக் கேட்டவன்தான். அதற்கான விடையை ஒரு நெசவாளியிடமிருந்துதான் சரியாகக் கற்றுக்கொண்டேன். அதையே இவ்வாரம் எழுதுகிறேன்.

இது என்ன வியாபாரம்?

லண்டனில் உள்ள விளம்பரக் கம்பனி ஒன்றுக்குக் கைத்தறி நெய்யும் காட்சி பத்துச் செக்கன் தேவைப்படுகிறது என வைத்துக்கொள்வோம். அதற்காக ஆட்களையும் கமெராக்களையும் விமானத்தில் அனுப்பினால் பெருந்தொகை செலவாகும். ஏற்கனவே யாரோ எடுத்துவைத்த காட்சியை வாங்கினால் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். அளவெடுத்துத் தைப்பதற்குப் பதிலாகத் தைத்துத் தொங்கவிட்ட சட்டையை வாங்குவது போன்றது இது. இவ்வாறு எடுத்துவைத்து விற்கும் வீடியோவைத்தான் 'ஸ்டொக் வீடியோ' என்கிறார்கள். ஷட்டர்ஸ்டொக், அடோப் ஸ்டொக், கெட்டி இமேஜஸ் போன்ற ஏஜென்சிகள் இடையில் நின்று விற்றுத் தருகின்றன. விற்பனையில் ஒரு பங்கு மட்டுமே எமக்கு வரும். அடோப் ஸ்டொக் வீடியோவுக்கு 35 சதவீதம் கொடுக்கிறது. ஷட்டர்ஸ்டொக் 2020 ஜூனிலிருந்து, அவ்வருடத்தில் எமக்கு எத்தனை விற்பனை நடந்தது என்பதைப் பொறுத்து 15 முதல் 40 சதவீதம் வரை கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது.

இங்கு விற்கப்படுவது வீடியோ அல்ல, அதைப் பாவிக்கும் உரிமையே. அந்த உரிமை இரண்டு வகைப்படும். ஒன்று வணிகப் பாவனை. அதாவது விளம்பரம், கம்பனிகளின் பிரசார வீடியோ, பொருட்களின் உறை போன்றவை. மற்றையது 'எடிட்டோரியல்' எனப்படும் செய்திப் பாவனை. செய்தி, ஆவணப்படம், பாடநூல் போன்றவற்றில் ஒரு விடயத்தை விளக்குவதற்காகக் காட்டுவது. பொதுவாக, எடிட்டோரியல் வீடியோவுக்கு ரிலீஸ் கேட்கமாட்டார்கள். வணிகப் பாவனைக்குரிய வீடியோவுக்குக் கட்டாயம் கேட்பார்கள். ரிலீஸ் என்பது வேறொன்றுமில்லை, எழுத்து மூலமான ஒப்புதல் பத்திரமே. ஆளுக்குக் கொடுப்பது மொடல் ரிலீஸ். இடத்துக்கும் பொருளுக்கும் கொடுப்பது புரொப்பர்ட்டி ரிலீஸ்.

மருதமுனையில் 20 செக்கன்

சில வருடங்களுக்கு முன்னர் மருதமுனைக்குப் போயிருந்தேன். கைத்தறிச் சாறனுக்குப் பெயர்போன ஊர். ஒரு முதலாளியின் நெசவுக் கொட்டிலில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் தறியில் இருந்தார். வெண்தாடி, தலையில் தொப்பி, கூரை இடுக்கால் விழும் வெயில். கேட்டேன், "எடுங்க மகன்" என்றார். இருபது செக்கன் எடுத்தேன். நான் எடுத்தவற்றில் அதுவே சிறந்தது என்ற நினைப்போடு வீடு வந்து அனுப்பினேன். மூன்றாம் நாள் திரும்பி வந்துவிட்டது.

ஏஜென்சி அனுப்பிய குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடியோவை மீண்டும் பார்த்தேன். நான் கண்டது ஒரு நெசவாளியை மட்டுமே. ஆனால் அந்த இருபது செக்கனுக்குள் ஐந்து விடயங்கள் இருந்தன. முன்னால் பெரியவர். பின்னால் நூல் சுற்றிக்கொண்டிருந்த அவரது பேரன். முதலாளிக்குச் சொந்தமான கொட்டில். சுவரில் ஒரு வங்கியின் சின்னம் பொறித்த கலண்டர். இவற்றுக்கு மேலாக, மூலையில் இருந்த வானொலியில் ஒரு சினிமாப் பாட்டு. இவற்றில் ஒன்றுக்கேனும் என்னிடம் எழுத்தில் ஒப்புதல் கிடையாது. "எடுங்க மகன்" என்ற வாய்ச்சொல் படம் எடுப்பதற்கான அனுமதி. விற்பதற்கான அனுமதி அல்ல.

ஆளுக்கான பத்திரம்

அடையாளம் காணக்கூடிய ஒவ்வொருவருக்கும் தனித்தனி மொடல் ரிலீஸ் வேண்டும். பத்துப் பேர் இருந்தால் பத்துப் பத்திரம். அடையாளம் என்பது முகம் மட்டுமல்ல. பின்புறமாக நின்றாலும் உடை, நடை, பச்சை குத்திய அடையாளம், நிற்கும் இடம் ஆகியவற்றைக் கொண்டு 'இது நான்தான்' என்று ஒருவர் சொல்லக்கூடியதாக இருந்தால் அவரது ஒப்புதல் தேவைப்படும். யாருடையதென்று சொல்ல முடியாத கை விரல்கள், தூரத்தில் புள்ளிபோலத் தெரியும் சனக்கூட்டம் ஆகியவற்றுக்குப் பொதுவாகத் தேவைப்படாது.

பத்திரத்தில் அவரது முழுப்பெயர், முகவரி, பிறந்த திகதி, படம் எடுத்த திகதி, எடுத்தவரின் பெயர், இருவரதும் கையொப்பம் ஆகியன இருக்க வேண்டும். சில ஏஜென்சிகள் சாட்சியின் கையொப்பத்தையும் கேட்கும். பேரனைப் போன்ற 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தாயோ தந்தையோ சட்டப்படியான பாதுகாவலரோ கையொப்பமிட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரோ பாடசாலை ஆசிரியரோ இட முடியாது. ஏஜென்சிகள் தமது சொந்தப் படிவங்களை இலவசமாகத் தருகின்றன. கைத்தொலைபேசியிலேயே கையொப்பம் பெறும் செயலிகளும் உள்ளன.

மருதமுனையில் எடுத்த வீடியோவுக்கு இவ்வளவு சட்டமா என்று கேட்கலாம். எடுத்த இடம் மருதமுனைதான். ஆனால் அது பாவிக்கப்படும் இடம் நியூயோர்க்காக இருக்கலாம், பாரிஸாக இருக்கலாம். அந்த நாட்டுச் சட்டமே அங்கு பேசும்.

நியூயோர்க்கின் கதை சுவாரசியமானது. அங்கு ஒரு மா ஆலைக் கம்பனி, இளம் பெண்ணொருவரின் படத்தை அவரைக் கேளாமலேயே தனது கோதுமை மா விளம்பரத்தில் அச்சடித்து சுமார் 25,000 பிரதிகளைக் கடைகளுக்கு அனுப்பிவிட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 1902ஆம் ஆண்டு அம்மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றம், இதைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று நான்குக்கு மூன்று என்ற வித்தியாசத்தில் தீர்ப்பளித்தது. பொதுமக்கள் கொதித்தெழுந்தனர். அடுத்த வருடமே, 1903இல், ஒருவரின் பெயரையோ படத்தையோ விளம்பரத்துக்கும் வியாபாரத்துக்கும் பாவிப்பதாயின் எழுத்து மூல ஒப்புதல் வேண்டும் என்ற சட்டம் அங்கு வந்தது. இன்று நாம் நிரப்பும் படிவத்தின் பின்னால் அப்பெண்ணின் வழக்கும் இருக்கிறது.

இடத்துக்கும் பொருளுக்குமான பத்திரம்

தனியார் வீடு, கடை, தொழிற்சாலை, ஹோட்டல் ஆகியவற்றின் உட்புறத்தை எடுத்தால் உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். வாடகைக்கு இருப்பவரின் கையொப்பம் போதாது. சுவரில் தொங்கும் ஓவியம், சிற்பம், புத்தக அட்டை போன்றவை வேறொருவரின் ஆக்கங்கள். அவற்றுக்குத் தனி உரிமை உண்டு. வீட்டுச் சொந்தக்காரர் ஓவியத்தை விலைகொடுத்து வாங்கியிருந்தாலும் பிரதி செய்யும் உரிமை பெரும்பாலும் ஓவியரிடமே இருக்கும்.

கட்டடங்களிலும் இந்தச் சிக்கல் உண்டு. பாரிஸ் ஈபில் கோபுரத்தைப் பகலில் எடுத்து விற்கலாம். இரவில் அதே கோபுரத்தை எடுத்து வணிகப் பாவனைக்கு விற்கக் கோபுரத்தை நிர்வகிக்கும் நிறுவனத்தின் அனுமதி தேவை. கோபுரத்தின் உரிமைக்காலம் முடிந்துவிட்டது, ஆனால் அதன் மீது பாய்ச்சப்படும் மின்விளக்கு அலங்காரம் பிற்காலத்தில் செய்யப்பட்ட தனி ஆக்கமாகக் கருதப்படுகிறது.

எமது நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கட்டடக் கலை ஆக்கங்களையும் பாதுகாக்கிறது. பாதுகாப்புக் காலம் ஆக்கியவரின் வாழ்நாளும் அவர் இறந்தபின் 70 வருடங்களும் ஆகும். ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையில் உள்ள பாராளுமன்றத்தை வடிவமைத்த ஜெப்ரி பாவா 2003இல் காலமானார். எனவே அவர் வடிவமைத்த கட்டடமொன்றை முதன்மையாகக் காட்டும் வீடியோவை விளம்பரத்துக்கென விற்பதற்கு முன் உரியவர்களிடம் கேட்டுக்கொள்வதே பாதுகாப்பு. மாறாக, 1909இல் கட்டி முடிக்கப்பட்ட புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசல் ஒரு நூற்றாண்டைத் தாண்டியது. வீதியிலிருந்து அதன் வெளித்தோற்றத்தை எடுப்பதில் அவ்வளவு சிக்கல் எழாது. ஆனால் உள்ளே போய் எடுப்பதாயின் நம்பிக்கையாளர் சபையின் எழுத்து மூல அனுமதி வேண்டும். தொழுதுகொண்டிருப்பவர்களின் முகங்கள் வேறு விடயம், அவை ஒவ்வொன்றுக்கும் தனிப் பத்திரம்.

சின்னங்களும் பாட்டும் இலகுவானவை. கலண்டரைக் கழற்றிவைத்துவிட்டு எடுக்க வேண்டும், வானொலியை நிறுத்த வேண்டும். பாட்டு விழுந்துவிட்டால் ஒலியை அழித்துவிட்டு அனுப்பலாம். இரண்டு நிமிட வேலை. நான்தான் செய்யவில்லை.

"நீயே கையெழுத்தைப் போடு"

வீடியோ திரும்பி வந்தபோது இத்துறையில் எனக்கு முன்னரே இருந்த நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "இதற்காக மருதமுனைக்கு மறுபடியும் போகப் போகிறாயா? பெயரை எழுதி நீயே ஒரு கையெழுத்தைப் போட்டு அனுப்பு. அவன் அமெரிக்காவில் இருந்து வந்து பார்க்கப் போகிறானா?" என்றார். உண்மையைச் சொன்னால், அன்றிரவு படிவத்தை அச்செடுத்து மேசையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் யோசித்தேன்.

இந்த யோசனையைச் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆகவே இதை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏஜென்சியில் கணக்குத் திறக்கும்போது நாம் வாசிக்காமலேயே ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தத்தில், அனுப்பும் பத்திரங்கள் யாவும் உண்மையானவை என்று நாம் உறுதியளிக்கிறோம். பின்னர் வழக்கு வந்தால் அதன் நட்டத்தையும் செலவையும் ஏற்பதாகவும் சொல்கிறோம். அதாவது ஏஜென்சி எம்மிடம் ரிலீஸ் கேட்பது எம்மைத் தொந்தரவு செய்வதற்காக அல்ல. பொறுப்பை எமது தலையில் எழுதி வைப்பதற்காக. பொய்ப் பத்திரம் பிடிபட்டால் கணக்கு மூடப்படும், சேர்ந்திருக்கும் பணமும் கைக்கு வராமல் போகலாம். கள்ளக் கையொப்பம் எமது நாட்டிலும் குற்றம்.

இவையெல்லாம் உலகத்துக் கணக்கு. தன் கையில் இல்லாததை விற்கக் கூடாது என்பது எமது கொடுக்கல் வாங்கலின் அரிச்சுவடி. மனிதனின் முகம் எடுத்தவனுக்குச் சொந்தமானதல்ல. கமெரா என்னுடையது, உழைப்பு என்னுடையது, முகம் அவருடையது. அவர் தரும்வரை அது என்னிடம் இல்லை. குர்ஆனின் மிக நீண்ட வசனமான சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம் கடனை எழுதிக்கொள்வது பற்றியும் சாட்சி வைப்பது பற்றியும் பேசுகிறது. கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும், அவர் இயலாதவராயின் அவரது பொறுப்பாளர் நீதியாகச் சொல்ல வேண்டும் என்பது அதில் உள்ள ஒழுங்கு. பொறுப்பை ஏற்பவருக்குத் தான் எதை ஏற்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும் என்பதே நான் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம்.

"என்ட முகம் எங்கெல்லாம் போகும் மகன்?"

படிவத்தை எடுத்துக்கொண்டு மீண்டும் மருதமுனைக்குப் போனேன். முதலாளி கொட்டிலுக்கான பத்திரத்தில் உடனே கையொப்பமிட்டார். பெரியவரிடம் படிவத்தை நீட்டினேன். அது ஆங்கிலத்தில் இருந்தது. கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "எனக்கு இது வாசிக்கத் தெரியா. என்ட முகம் எங்கெல்லாம் போகும் மகன்?" என்று கேட்டார்.

ஒரு வரியில் 'வெளிநாட்டு விளம்பரத்துக்குப் போகும் மாமா' என்று சொல்லியிருந்தால் அவர் கையொப்பமிட்டிருப்பார். ஆனால் அது முழுப் பதில் அல்ல. படிவத்தின்படி உலகின் எந்த நாட்டுக்கும் போகலாம், எத்தனை வருடத்துக்கும் போகலாம், பிறகு மீளப்பெற முடியாது. நான் எனது பக்கத்திலிருந்து வீடியோவை நீக்கினாலும் ஏற்கனவே வாங்கியவர் தொடர்ந்து பாவிப்பார். யார் வாங்குகிறார், எதற்கு வாங்குகிறார் என்பது எனக்கும் தெரியவராது. வங்கி வட்டிக் கடனுக்கான விளம்பரத்திலும் அவர் முகம் வரலாம். இழிவுபடுத்தும் விதத்தில் பாவிக்கக் கூடாது என்று ஏஜென்சிகளின் விதிகளில் இருக்கிறது. நோய், குற்றம் போன்றவற்றோடு தொடர்புபடுத்துவதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு. ஆனால் தவறு நடந்த பிறகுதான் அது தெரியவரும்.

அப்படி நடந்தும் இருக்கிறது. 2013இல் நியூயோர்க் மாநில அரசின் மனித உரிமைப் பிரிவு, எச்.ஐ.வி. தொற்றுள்ளோரின் உரிமைகள் பற்றி ஒரு விளம்பரம் வெளியிட்டது. அதில் இருந்த பெண்ணுக்கு அத்தொற்றுக் கிடையாது. வேறு தேவைக்காக எடுக்கப்பட்ட அவரது படம், அவரது எழுத்து மூல ஒப்புதல் இன்றியே கெட்டி இமேஜஸ் ஊடாக விற்கப்பட்டிருந்தது. தன் முகம் விளம்பரத்தில் வந்ததை அறிந்த அவர் நீதிமன்றம் சென்றார்.

தாடியும் தொப்பியும் உள்ள ஒரு முகத்துக்கு, பர்தா அணிந்த ஒரு சகோதரிக்கு என்ன நடக்கக்கூடும் என்பதை 2019ஆம் ஆண்டுக்குப் பின்னர் எமது வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தீவிரவாதம் பற்றிய செய்தி ஒன்றுக்குப் பின்னணிக் காட்சி தேடும் எவரும் எமது வீடியோக்களை வந்தடையலாம். இங்கு ஒரு விடயத்தைக் கவனியுங்கள். 'ரிலீஸ் கிடைக்கவில்லை, எடிட்டோரியலில் போட்டுவிடுவோம்' என்று பலர் இலகுவாகச் சொல்வார்கள். சட்டப்படி சரி. ஆனால் செய்திக்குப் போகும் வழியே அதுதான். ஏஜென்சி கேட்காவிட்டாலும் அந்த மனிதரிடம் கேட்கும் கடமை எமக்கு இருக்கிறது.

அண்மைக் காலத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2022 ஒக்டோபரில் ஷட்டர்ஸ்டொக், செயற்கை நுண்ணறிவுக் கம்பனியான ஓபன்ஏஐயுடன் கூட்டுச் சேர்ந்ததை அறிவித்தது. 2023இல் அடோப் வெளியிட்ட ஃபயர்ஃப்ளை, அடோப் ஸ்டொக்கில் உள்ள படங்களைக் கொண்டு பயிற்றப்பட்டது. அதாவது நாம் அனுப்பும் முகங்கள் கணினி புதிய படங்களை உருவாக்கப் பழகுவதற்கும் பயன்படலாம். கையொப்பமிடுபவருக்கு இதையும் சொல்ல வேண்டும்.

இவற்றில் அன்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் பெரியவரிடம் சொன்னேன். படிவத்தில் இருந்த 'பெறுமதியான பிரதியுபகாரம் பெற்றுக்கொண்டேன்' என்ற கருத்துள்ள வாசகத்தையும் காட்டி, அதற்காகக் கொண்டுவந்த பணத்தையும் நீட்டினேன். ஒன்றும் கொடுக்காமல் அந்த வரிக்குக் கீழே கையொப்பம் வாங்குவது அவரைக் கொண்டு பொய் எழுதுவிப்பதாகும்.

அவர் நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "முகம் வேணாம் மகன். கையை எடுங்க. இந்தக் கைதான் நெய்யுது" என்றார். பேரனை வெளியே போகச் சொன்னார், வானொலியைத் தானே நிறுத்தினார். கலண்டரை நான் கழற்றினேன். நாடா ஓடுவதையும் நூலை நீவும் விரல்களையும் அரை மணி நேரம் எடுத்தேன். அவருக்கு அன்றைய நேரத்துக்கான பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் கைக்கொள்ளும் ஒழுங்கு

அன்றிலிருந்து நான் பின்பற்றும் முறையைக் கீழே தருகிறேன். உங்களுக்கும் பயன்படலாம்.

1. எடுப்பதற்கு முன்னரே பத்திரம். எடுத்த பின் ஆளைத் தேடுவது கடினம், அவர் மறுப்பதும் கடினம்.

2. படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் ஒவ்வொரு வரியையும் தமிழிலோ சிங்களத்திலோ சொல்லி, விளங்கியதா என்று கேட்ட பிறகே கையொப்பம்.

3. தொகை சிறிதாயினும் ஏதாவது கொடுத்தல். அத்தோடு பத்திரத்தின் ஒரு பிரதியை அவரிடமே விட்டுவருதல்.

4. கமெராவை இயக்குவதற்கு முன் சுவரையும் மேசையையும் ஒருமுறை பார்த்துச் சின்னங்களையும் படங்களையும் அகற்றுதல், வானொலியையும் தொலைக்காட்சியையும் நிறுத்துதல்.

5. திருமண வீட்டு வீடியோவை ஒருபோதும் விற்பதில்லை. அது அவ்வீட்டார் நம்பி ஒப்படைத்த அமானிதம். வந்திருந்த விருந்தினர்களும் பெண்களும் எவருக்கும் எதையும் எழுதித் தரவில்லை.

6. பத்திரங்களில் பிறந்த திகதியும் முகவரியும் இருப்பதால் அவற்றை வாட்ஸ்அப்பில் சுற்ற விடாமல் பத்திரமாக வைத்திருத்தல். வீடியோ விற்பனையில் இருக்கும் வரை அவை தேவைப்படும்.

உருவப்படம் எடுப்பது தொடர்பாக மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாடுகளுக்குள் நான் நுழையவில்லை. அதனை உங்கள் ஊர் உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பேசியது அடுத்த மனிதருடைய உரிமை பற்றி மட்டுமே.

கைகளின் அந்த வீடியோ இன்றுவரை சில தடவைகள் விற்பனையாகியிருக்கிறது, பெரிய தொகை ஒன்றுமில்லை. பெரியவரின் முகம் உள்ள இருபது செக்கன் இன்னும் எனது கணினியில் இருக்கிறது. நான் எடுத்தவற்றில் இப்போதும் அதுவே சிறந்தது. ஆனால் அது விற்பனைக்கு அல்ல.